ஃப்ரோசன் பாக்கெட்டைத் திருப்பிப் பாத்து வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பேப்பர்ல நுகர்வோர் பக்கத்துல ஃப்ரோசன் உணவு பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். பெரிய பிராண்ட்னா நம்பி வாங்கலாம், சூப்பர்மார்க்கெட் தன்னோட சொந்தப் பேர்ல விக்கிற மலிவு பாக்கெட்ல தரம் குறைவாத்தான் இருக்கும்னு அதுல பொத்தாம்பொதுவா எழுதியிருந்தது எனக்கு சரியாப் படலை, அதான் இந்தக் கடிதம். நான் காய்கறி, மீன், எறா இதையெல்லாம் உறைய வெச்சு பாக்கெட் போடுற ஆலையில தரப் பிரிவுல வேலை பாத்தவ, இப்போ வீட்டுச் செலவு மொத்தமும் என் கையில, எதுல குறைச்சா மாசம் ஓடும்னு கணக்கு போட்டுக்கிட்டே இருக்கிற ஆள். ரெண்டு பக்கமும் தெரிஞ்சதால சொல்றேன், ஃப்ரோசன் பொருள்ல விலை ஏறினா தரமும் ஏறும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது. சிலதுல பிராண்டுக்குன்னு கூடக் குடுக்கிற காசு தண்டம், சிலதுல மலிவா இருக்கேன்னு வாங்குறதுதான் நஷ்டம், எதுல எதுன்னு பாக்கெட்டோட முன்பக்கத்துப் படத்தைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது, பின்பக்கத்துல பொடி எழுத்துல இருக்கிறதைப் படிச்சாத்தான் தெரியும்.

முதல்ல பட்டாணியை எடுத்துக்குவோம், ஏன்னா அதுலதான் மலிவு பாக்கெட்டைப் பத்தி ஜனங்களுக்கு தேவையில்லாத பயம் இருக்கு. பட்டாணி பறிச்சதுல இருந்தே அதுல இருக்கிற சர்க்கரை மாவுச்சத்தா மாற ஆரம்பிச்சிடும், அதனால சில மணி நேரத்துக்குள்ள ஆலைக்கு வந்தாகணும். வந்ததும் கழுவி, கொதிநிலைக்குப் பக்கத்துல இருக்கிற சூட்டுல தண்ணியிலயோ ஆவியிலயோ ஒண்ணு ரெண்டு நிமிஷம் விட்டு எடுப்பாங்க, ப்ளான்ச்சிங்னு பேரு, ஃப்ரீசருக்குள்ள இருந்தாலும் மெதுவா நிறத்தையும் வாசனையையும் கெடுத்துக்கிட்டே இருக்கிற என்சைம் எல்லாம் அதுல அடங்கிடும். உடனே குளிர்ந்த தண்ணி, அப்புறம் ஃப்ரீசிங் டனல். அங்க மைனஸ் 30 டிகிரிக்கும் கீழ இருக்கிற காத்து அடியில இருந்து மேல அடிக்கும், பட்டாணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அந்தக் காத்துல துள்ளிக்கிட்டே வந்து சில நிமிஷத்துல தனித்தனியா உறைஞ்சு வெளிய விழும். பாக்கெட்டைக் குலுக்கினா கலகலன்னு சத்தம் கேக்குறது இதனாலதான்.

ஏன் இவ்வளவு வேகம்னா, உணவுக்குள்ள இருக்கிற தண்ணியில பெரும்பகுதி மைனஸ் 1 டிகிரியில இருந்து மைனஸ் 5 டிகிரிக்குள்ள பனிக்கட்டியா மாறுது, இந்த இடத்தை சட்டுனு தாண்டினா உள்ள உருவாகிற பனித்துகள் பொடிப்பொடியா இருக்கும், மெதுவா தாண்டினா பெருசா வளந்து செல் சுவரைக் கிழிச்சிடும், அப்படி உறைஞ்சதை எடுத்து வெளிய வெச்சா தண்ணி ஒழுகி தொளதொளன்னு ஆயிடும். அமெரிக்காவைச் சேர்ந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐங்கிறவர் 1910கள்ல கனடா வடகிழக்குல லாப்ரடார்ல இருந்தப்போ அங்க இருந்த இனுயிட் மக்கள் பிடிச்ச மீன் கடுங்குளிர் காத்துல நொடியில உறையறதையும், மாசக்கணக்குல கழிச்சு சமைச்சாலும் புதுசு மாதிரியே இருக்கிறதையும் பாத்துதான் வேகமா உறைய வெக்கிற மெஷினையே உருவாக்கினார், 1930ல மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்ட் கடைகள்ல அந்தப் பாக்கெட்டுங்க முதல்முதலா விற்பனைக்கு வந்துச்சு. இன்னைக்கு அந்த வேகம் யாரோட தனிச் சொத்தும் இல்ல, மலிவு பாக்கெட்டும் அதே டனல்லதான் போகுது.

இது நான் கண்ணால பாத்த விஷயம். பேக்கிங் மெஷின்ல பிராண்ட் பேர் அச்சடிச்ச ஃபிலிம் ரோல் ஓடிக்கிட்டு இருக்கும், ஆர்டர் முடிஞ்சதும் மெஷினை நிறுத்தி, அதைக் கழட்டிட்டு சூப்பர்மார்க்கெட் பேர் அச்சடிச்ச ரோலை மாட்டுவாங்க, தேதி அச்சை சரி பாப்பாங்க, மறுபடி ஓட விடுவாங்க. சில நாள் மேல தொட்டியில இருந்து கொட்டுற பட்டாணி அதே பட்டாணிதான். சில நாள் அந்தத் தொட்டிக்கு வேற கிரேட் பட்டாணி வரும், அதையும் மறைக்காம சொல்லணும். கிரேட் பிரிக்கிறதுக்கு ஒரு வழி உப்புத்தண்ணி, குறிப்பிட்ட அளவு உப்பு கரைச்ச தண்ணியில போட்டா இளசு மிதக்கும், முத்தினதுல மாவு அதிகம்கிறதால கனத்து அடியில போயிடும். பட்டாணியை நசுக்கிப் பாத்து எவ்வளவு அழுத்தம் தேவைப்படுதுன்னு சொல்ற டெண்டரோமீட்டர்னு ஒரு கருவியும் உண்டு. இளசா, சின்னதா, ஒரே பச்சையா இருக்கிறதை பிராண்ட்காரங்க கூட விலைக்கு எடுத்துக்குவாங்க, கொஞ்சம் பெருசு, கொஞ்சம் முத்தல், அங்கங்க தோல் உரிஞ்சது இதெல்லாம் மலிவு பாக்கெட்டுக்குப் போகும். வித்தியாசம் அவ்வளவுதான், அதுல கெட்டுப்போனது எதுவும் கிடையாது, சத்து குறைஞ்சதும் கிடையாது. சூப்புலயோ கிரேவியிலயோ போட்டு வேக வெக்கப் போறீங்கன்னா அந்த முத்தல் தெரியவே தெரியாது, சொல்லப்போனா கரையாம நிக்கும். லேசா வதக்கி அப்படியே தட்டுல வெக்கப் போறீங்கன்னா பிராண்ட் பட்டாணி இனிப்பா இருக்கும், அதுக்கு கூடக் காசு குடுக்கிறது நியாயம்தான்.

சோளம், பீன்ஸ், கேரட், கீரை, பெர்ரி பழங்க எல்லாத்துக்கும் இதே கதைதான். பீன்ஸ்னா மலிவு பாக்கெட்ல துண்டு ஒரே நீளத்துல இருக்காது, காம்பு ஒண்ணு ரெண்டு கிடக்கும். கீரையை கட்டியா அமுக்கி உறைய வெச்சிருப்பாங்க, பிராண்ட்ல இலை இலையா இருக்கும். பொருள் பட்டியல்ல ஒரே ஒரு பேர் மட்டும், பட்டாணின்னா பட்டாணி மட்டும், இருக்கிற பாக்கெட்ல மலிவானதை தைரியமா எடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். பிள்ளைங்களுக்கு காய்கறி போதுமான அளவு குடுக்க முடியலையேன்னு தவிக்கிற எத்தனையோ வீட்டுல, பிராண்ட் வாங்க முடியல, மலிவுல சத்து இருக்காதுன்னு ரெண்டையும் விட்டுட்டுப் போறாங்க, உங்க கட்டுரை மாதிரி எழுதுறது அந்தப் பயத்தை வளக்குது, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். வைட்டமின் சி-ல ஒரு பகுதி ப்ளான்ச் பண்ணும்போது தண்ணியில போறது உண்மை, ஆனா அதுக்கப்புறம் சரியான குளிர்ல மாசக்கணக்குல பெருசா குறையாது. வெளிய வெச்ச பச்சைக் கீரையில சில நாள்லயே அது வேகமா இறங்கிடும். இந்தக் கணக்கு மலிவுக்கும் பிராண்டுக்கும் பொது.

இப்போ எறாவுக்கும் மீனுக்கும் வர்றேன், ஏமாறுற இடம் இதுதான், இதை அந்தக் கட்டுரை தொடவே இல்ல.

உறைஞ்ச எறா மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு ஐஸ் பூச்சு இருக்கும், க்ளேஸிங்னு சொல்லுவோம். உறைஞ்சு வந்ததை குளிர்ந்த தண்ணியில முக்கியோ தெளிச்சோ எடுத்தா அந்தப் பூச்சு பிடிச்சுக்கும். அது தேவைதான், அது இல்லைன்னா ஃப்ரீசரோட காஞ்ச காத்து எறாவுக்குள்ள இருக்கிற ஈரத்தை நேரா உறிஞ்சி எடுத்துடும், வெளுத்துப்போய் நார் நாரா ஆயிடும், ஃப்ரீசர் பர்ன்னு சொல்றது அதைத்தான். ஆனா காப்பாத்துறதுக்கு எவ்வளவு பூச்சு வேணுமோ அதோட எல்லாரும் நிறுத்திக்கிறதில்ல. திரும்பத் திரும்ப முக்கினா பூச்சு தடிச்சுக்கிட்டே போகும், எடையும் ஏறிக்கிட்டே போகும், தண்ணியை எறா விலைக்கு வித்த மாதிரி ஆயிடும். கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தர விதிகள்ல, க்ளேஸ் பண்ணின எறாவுக்கு நிகர எடைன்னு போடுறது அந்த ஐஸை நீக்கின எடையாத்தான் இருக்கணும்னு தெளிவா இருக்கு. அப்படி இருந்தும் பாக்கெட் முன்னாடி பெரிய எழுத்துல ஐஸோட சேத்த எடை, பின்னாடி ஓரத்துல பொடி எழுத்துல ஐஸ் நீக்கின எடைன்னு போடுறவங்க உண்டு, பின்னாடி கூட போடாதவங்களும் உண்டு.

கணக்கு போட்டுப் பாருங்க. பிராண்ட் பாக்கெட் ஒரு கிலோ, அதுல ஐஸ் 10 சதவீதம், அப்போ கையில கிடைக்கிற எறா 900 கிராம். மலிவு பாக்கெட்டும் ஒரு கிலோ, விலை பிராண்டை விட 15 சதவீதம் கம்மி, ஆனா ஐஸ் 25 சதவீதம், அப்போ எறா 750 கிராம்தான். பிராண்ட் விலையை 100ன்னு வெச்சுக்கிட்டா, பிராண்ட்ல ஒவ்வொரு 100 கிராம் எறாவுக்கும் 11.1 குடுக்குறீங்க, மலிவுல 85ஐ 7.5ஆல வகுத்தா 11.3 வருது. கம்மி விலைன்னு சந்தோஷமா எடுத்துட்டுப் போற பாக்கெட்தான் அதிக விலை. இது எப்பவும் இப்படித்தான் இருக்கும்னு சொல்லலை, ஐஸ் கம்மியா இருக்கிற நேர்மையான மலிவு பாக்கெட்டையும் நான் பாத்திருக்கேன், தடிச்ச பூச்சோட வந்த பிராண்டையும் பாத்திருக்கேன். ஆனா இந்த வகுத்தலைப் போடாம எது மலிவுன்னு சொல்லவே முடியாது.

வீட்டுலயே சோதிக்கலாம். பாக்கெட்டைப் பிரிச்சதும் எறாவை அப்படியே எடை போடுங்க, அப்புறம் ஒரு சல்லடையில கொட்டி குளிர்ந்த தண்ணியை மெதுவா ஓட விடுங்க, விரலால தடவிப் பாத்தா வழுவழுன்னு ஐஸ் தட்டாம எறாவோட தோல் தட்டுற வரைக்கும் மட்டும், உள்ள உறைஞ்சது உறைஞ்சபடியே இருக்கணும். சல்லடையை ரெண்டு நிமிஷம் சாய்ச்சு வெச்சு தண்ணியை வடிய விட்டு மறுபடி எடை போடுங்க. ரெண்டு எடைக்கும் இருக்கிற வித்தியாசம்தான் நீங்க காசு குடுத்து வாங்கின தண்ணி. ஆலையில நாங்க பண்றதும் கிட்டத்தட்ட இதேதான், எங்ககிட்ட இருந்த தராசு இன்னும் துல்லியம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளிய இருக்கிற தண்ணி போக உள்ள இருக்கிற தண்ணி தனிக்கதை. பொருள் பட்டியல்ல 450, 451, 452ன்னு எண் இருந்தா, இல்ல ஏதாவது பாஸ்பேட்னு பேர் இருந்தா, அது ஈரத்தைப் பிடிச்சு வெக்கிறதுக்காக சேக்குறது. அளவோட சேத்தா உறைஞ்சு இளகும்போது சாறு ஒழுகிப் போகாம காப்பாத்தும், அனுமதிக்கப்பட்டதுதான், பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா அந்தக் கரைசல்லயே ரொம்ப நேரம் ஊறப் போட்டா எறா தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு உப்பிடும். சட்டியில போட்டதும் வெள்ளையா நுரையோட தண்ணி விட்டு, வதங்கவே மாட்டாம அந்தத் தண்ணியிலயே வெந்து, கடைசியில பாதி அளவுக்கு சுருங்கி, கடிச்சா ரப்பரா வழுக்குதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான், உங்க சமையல் மேல தப்பு இல்ல. எறா, உப்பு, தண்ணி, பாஸ்பேட்னு நாலு பேர் இருக்கிற பாக்கெட்டையும் எறான்னு ஒரே பேர் இருக்கிற பாக்கெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு விலை ஒப்பிடுறதுல அர்த்தமே இல்ல, ரெண்டும் வேற வேற பொருள்.

சைஸ் எண்ணையும் பாக்கணும். 16/20, 31/40, 61/70ன்னு போட்டிருப்பாங்க, ஒரு பவுண்டுல, அதாவது 454 கிராம்ல எத்தனை எறா நிக்கும்னு அர்த்தம், எண் சின்னதா இருந்தா எறா பெருசு. சில பாக்கெட்ல கிலோவுக்குக் கணக்கு போட்டிருப்பாங்க, பவுண்டுக்கு 31/40னா கிலோவுக்கு ஏறக்குறைய 68ல இருந்து 88 வரைக்கும் வரும், ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சா கணக்கு தலைகீழாயிடும். பிராண்ட்ல 31/40, மலிவுல 61/70னா அதுவும் சமமான ஒப்பீடு இல்ல, ஏன்னா பொடி எறா எப்பவுமே விலை கம்மி. மீன்லயும் முழுத்துண்டு வேற, துண்டுதுணுக்கை சேத்து அமுக்கி அச்சுல வெட்டினது வேற, மாவு பூசினதுக்கப்புறம் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், லேபிள் மட்டும்தான் காட்டிக் குடுக்கும்.

நக்கெட், பர்கர், பீட்சா, ரெடிமேட் சாப்பாடு இதுலெல்லாம் பாக்க வேண்டியது பொருள் பட்டியலோட வரிசை. எடை அதிகமா இருக்கிறது முதல்ல, அப்புறம் அதுக்கு அடுத்ததுன்னு இறங்குவரிசையில எழுதணும்கிறது பல நாட்டுலயும் இருக்கிற விதி. சிக்கன் நக்கெட்னு பேர் போட்டு, பட்டியல்ல சிக்கனுக்கு சதவீதம் போட்டிருந்தா அதைப் பாருங்க, இல்லைன்னா சிக்கனுக்கு அப்புறம் உடனே என்ன வருதுன்னு பாருங்க, தண்ணி, மாவு, ஸ்டார்ச், எண்ணெய்னு போச்சுன்னா எதுக்குக் காசு குடுக்குறோம்னு புரிஞ்சிடும். இந்த வகையில மலிவு பாக்கெட் பெரும்பாலும் அடி வாங்குது, அதை ஒத்துக்கிறேன், விலையைக் குறைக்கிறதுக்கு மாவு பூச்சைத் தடிக்க விடுறதுதான் ரொம்ப சுலபமான வழி. ஆனா பிராண்ட் பேர் இங்கயும் உத்தரவாதம் கிடையாது. 2013 ஜனவரியில அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டிறைச்சி பர்கர்ல குதிரை இறைச்சி கலந்திருக்கிறதைக் கண்டுபிடிச்சு வெளிய சொன்னாங்களே, ஐரோப்பா முழுக்க பேசின விஷயம், அதுல ஒரு சூப்பர்மார்க்கெட்டோட மலிவு வரிசை பர்கர்ல 29 சதவீதம் குதிரை இறைச்சி இருந்துச்சு. அதைக் கேட்டு மலிவுன்னா இப்படித்தான்னு பேசினவங்க, அடுத்த மாசமே நல்ல பேர் வாங்கின ஒரு பிராண்டோட மாட்டிறைச்சி லசான்யாங்கிற ஃப்ரோசன் பாஸ்தா சாப்பாட்டுல 60ல இருந்து 100 சதவீதம் வரைக்கும் குதிரை இறைச்சின்னு தெரிஞ்சதும் வாயடைச்சுப் போனாங்க. அந்த பிராண்டுக்கும் ரெண்டு சூப்பர்மார்க்கெட்டோட மலிவு சாப்பாட்டுக்கும் சப்ளை பண்ணினது ஒரே நிறுவனம், லக்ஸம்பர்க்ல இருந்த ஆலை.

மாவு பூசின சிக்கனைப் பத்தி இன்னொண்ணும் சொல்லியாகணும். பூச்சு நிக்கணும்கிறதுக்காக ஆலையில சில நொடி எண்ணெயில காட்டி எடுத்திருப்பாங்க, பாத்தா பொன்னிறமா வெந்த மாதிரி இருக்கும், உள்ள பச்சையா இருக்கலாம். சமைக்கப்படாததுன்னு லேபிள்ல இருக்கான்னு பாத்துட்டு, நடுப்பகுதி 74 டிகிரி தொடுற வரைக்கும் வேக வெக்கணும். மலிவு, பிராண்ட் ரெண்டுக்கும் இது பொருந்தும், பிள்ளைங்களே எடுத்து சூடு பண்ணிச் சாப்பிடுற பொருள்ங்கிறதால அழுத்திச் சொல்றேன்.

ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்ல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, மலிவுல துண்டு குட்டையா இருக்கும், உடைசல் இருக்கும், பிராண்ட்ல சிலது மொறுமொறுப்புக்காக ஸ்டார்ச் பூசி வரும், உருளைக்கிழங்கும் எண்ணெயும் மட்டும் இருக்கிறது எதுவோ அது போதும். ஐஸ்க்ரீம் ஆனா கவனிக்க வேண்டியது. அதை லிட்டர் கணக்குல விக்கிறாங்க, அடிக்கும்போது உள்ள காத்து ஏறும், கலவை எவ்வளவோ அவ்வளவு காத்தும் ஏத்தினா ஒரு லிட்டர் டப்பா ஏறக்குறைய 550 கிராம்தான் இருக்கும், காத்து கால் பங்கு மட்டும் ஏத்தினது 880 கிராம் வரைக்கும் நிக்கும். ரெண்டு டப்பாவையும் கையில தூக்கிப் பாத்தாலே வித்தியாசம் தெரியும், லேபிள்ல கிராம் போட்டிருந்தா இன்னும் நல்லது. ஃப்ரோசன் டெசர்ட்னு போட்டிருந்தா பால் கொழுப்புக்குப் பதிலா தாவரக் கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம், அதையும் ஐஸ்க்ரீமையும் ஒரே தட்டுல வெச்சு விலை பாக்காதீங்க.

இவ்வளவு நேரம் பாக்கெட்டுக்குள்ள இருக்கிறதைச் சொன்னேன். பாக்கெட்டுக்கு வெளிய இருக்கிற ஒண்ணு இதையெல்லாம் ஒரே ராத்திரியில கெடுத்துடும், அது கடையோட ஃப்ரீசர். உறைஞ்ச உணவு ஆலையில இருந்து வாடிக்கையாளர் கை வரைக்கும் மைனஸ் 18 டிகிரியிலயோ அதுக்குக் கீழயோ இருக்கணும்னு கோடெக்ஸ் நடைமுறை விதி சொல்லுது. நாங்க டனல்ல நிமிஷக் கணக்குல பாத்துப் பாத்து உறைய வெச்சதை, லாரியில இருந்து இறக்கி வெயில்ல வெச்சோ, கரன்ட் மிச்சம் பண்றேன்னு ராத்திரி ஃப்ரீசரை அணைச்சோ, திறந்த பெட்டியில உள்பக்கம் கோடு போட்டிருக்கிற அளவுக்கு மேல குவிச்சோ வெச்சா, பாதி இளகி மறுபடி மெதுவா உறையும், அந்தப் பொடிப் பனித்துகள் எல்லாம் பெரிய கட்டியா வளந்துடும். அப்புறம் பிராண்ட் என்ன, மலிவு என்ன. கலகலன்னு குலுங்க வேண்டிய பட்டாணி ஒரே கட்டியா இருக்கு, எறா பாக்கெட் மூலையில உறைஞ்ச தண்ணி தேங்கியிருக்கு, பாக்கெட்டுக்குள்ள பொடிப்பனி படிஞ்சிருக்கு, அட்டைப்பெட்டி ஈரம் பட்டு காஞ்சு நெளிஞ்சிருக்குன்னா எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் திருப்பி வெச்சிடுங்க. மலிவு பாக்கெட் வேகமா வித்துப் போறதால பல கடையில அதுதான் புது சரக்கா இருக்கும், விலை ஜாஸ்தி பிராண்ட் அடியில மாசக்கணக்குல கிடந்து பனி பிடிச்சிருக்கும், தயாரிச்ச தேதியைப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

உறைய வெச்சா கிருமி செத்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பெரும்பாலும் சாகாது, வளராம நிக்கும், அவ்வளவுதான். 2016ல அமெரிக்காவுல லிஸ்டீரியா கிருமி இருக்கலாம்னு ஒரு நிறுவனம் உறைஞ்ச காய்கறி, பழங்களைத் திரும்ப வாங்கினப்போ அந்தப் பட்டியல்ல 42 பிராண்ட் பேர்ல 358 பொருள் இருந்துச்சு. ஒரே இடத்துல இருந்து 42 பேர்ல வெளிய போயிருக்கு. 2018 ஜூலையில ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு குடுத்த அறிக்கையில, உறைஞ்ச சோளம் உள்ளிட்ட காய்கறி மூலமா பரவின லிஸ்டீரியாவுல 5 நாட்டுல 47 பேர் பாதிக்கப்பட்டு 9 பேர் இறந்தாங்கன்னு இருந்துச்சு. அதனால உறைஞ்ச சோளத்தையோ பட்டாணியையோ வெறுமனே இளக வெச்சு சாலட்ல போடாதீங்க, ஒரு கொதி விட்டு எடுங்க, வீட்டுல கர்ப்பிணியோ வயசானவங்களோ இருந்தா கட்டாயம்.

பிராண்டுக்கு எதிரா நான் பேசலை, ஒரே மாதிரியான சைஸும் ருசியும் ஒவ்வொரு தடவையும் வேணும்னா பிராண்ட் அதைக் குடுக்குது, அதுக்கான ஆள், சோதனை, கழிவு எல்லாத்துக்கும் செலவு ஆகுது, அதை நான் உள்ள இருந்து பாத்தவ. விளம்பரச் செலவும் அதே விலையிலதான் ஏறுதுங்கிறதும் உண்மை. எறா வாங்கும்போது ஐஸ் நீக்கின எடையை ஒழுங்கா போடுற பிராண்டுக்கு நான் கூடவே குடுக்கிறேன், பட்டாணிக்கு ஒருநாளும் குடுக்கிறதில்ல.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையைத் திருத்தி இன்னொண்ணு எழுதச் சொல்லுங்க, இந்தத் தடவை நாலு பேரோட கருத்தை மட்டும் கேட்டு எழுதாம, வெவ்வேற கடையில மலிவும் பிராண்டுமா பாக்கெட் வாங்கி, நான் மேல சொன்ன மாதிரி ஐஸை நீக்கி எடை போட்டு, ஐஸ் இல்லாத ஒரு கிலோவுக்கு என்ன விலை வருதுன்னு அட்டவணையா போடுங்க, நக்கெட்ல எத்தனை சதவீதம் சிக்கன்னு பக்கத்துல போடுங்க, ஒவ்வொரு கடை ஃப்ரீசர்லயும் ஒரு தெர்மாமீட்டரை வெச்சுப் பாத்து அந்த டிகிரியையும் போடுங்க. எந்த பிராண்ட், எந்தக் கடைன்னு பேரோட போட்டாத்தான் பிரயோஜனம், பேர் இல்லாம போட்டா யாருக்கும் உதவாது. அதே பக்கத்துல விளம்பரம் குடுக்கிறவங்க பேர் அதுல வந்தாலும் போடணும்னு கேட்டுக்கிறேன். எடை போடுற முறை முழுசா வேணும்னா எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகி